ஓரத்தை வெட்டும் டிவி

லேப்டாப்பை டிவியோடு இணைப்பதில் கேபிள் சொருகுவது கால் பங்கு வேலைகூட இல்லை. உட்காருங்கள், டீ குடித்துக்கொண்டே பேசுவோம்.

இரண்டிலும் எச்.டி.எம்.ஐ துளை இருந்தால் ஒரே கேபிள் போதும். படமும் சத்தமும் அதிலேயே போய்விடும். 15 ஊசி கொண்ட பழைய வி.ஜி.ஏ கேபிளில் படம் மட்டும்தான் வரும், சத்தத்துக்குத் தனி வயர் வேண்டும். டைப்-சி மட்டுமே உள்ள லேப்டாப் என்றால், கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்னால் அந்தத் துளை வழியாகப் படம் வெளியே வருமா என்று விசாரித்துவிடுங்கள். சிலவற்றில் சார்ஜ் ஏறும், ஃபைல் போகும், அவ்வளவுதான்.

ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, கேபிள் சொருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். படம் வரவில்லையா? லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனையும் 'பி'யையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு வழிகள் காட்டும். பெரும்பாலோர் 'டூப்ளிகேட்' என்பதிலேயே விட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. லேப்டாப் திரை 1366க்கு 768 புள்ளி, டிவி 1920க்கு 1080 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே படம் வர வேண்டுமென்றால் பெரியது சின்னதற்காக இறங்கிவர வேண்டியிருக்கும். டிவியில் எழுத்து மங்கிவிடும். சினிமா பார்க்க 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' போடுங்கள். டிவி தன் முழு அளவில் ஓடும்.

இனிதான் முக்கியமான விஷயம். படம் வந்துவிட்டது, ஆனால் கீழே டாஸ்க்பார் பாதி காணவில்லை, மூலையில் உள்ள மூடும் குறியும் வெளியே போய்விட்டது. கேபிளைக் குறை சொல்லாதீர்கள். இது பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம். அந்த டிவிகளில் படத்தின் ஓரம் நேராக நிற்காது. கரண்ட் ஏறி இறங்கினால் படமும் சுருங்கி விரியும். அதை மறைப்பதற்காக, படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாக விழும்படி வைத்தார்கள். டிவி நிலையத்தாரும் அதைக் கணக்கில் கொண்டு எழுத்துகளை ஓரத்திலிருந்து தள்ளியே போட்டார்கள். தட்டைத் திரைகளுக்கு இந்த ஏற்பாடு தேவையே இல்லை. ஆனாலும் பல டிவிகள் இன்றும் படத்தைச் சில சதவீதம் ஊதிப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகின்றன. ஓவர்ஸ்கேன் என்பது இதுதான்.

ஓரம் போவதைவிடப் பெரிய நஷ்டம் தெளிவு போவது. லேப்டாப் அனுப்பும் ஒரு புள்ளி டிவியின் ஒரு புள்ளியில் அப்படியே உட்கார வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும். லேப்டாப்பின் கிராபிக்ஸ் செட்டிங்கில் படத்தைச் சுருக்கி ஓரத்தை மீட்கலாம் என்பார்கள். டிவியிலேயே வழி இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். ஒருமுறை சுருக்கி, மறுமுறை பெரிதாக்கி, படம் இரண்டு முறை அடிபடும். டிவியின் பிக்சர் சைஸ் பகுதியில் சாம்சங் என்றால் 'ஸ்கிரீன் ஃபிட்', எல்ஜி என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனி என்றால் 'ஃபுல் பிக்சல்' என்கிற மாதிரி ஒன்று இருக்கும். அதைப் போட்டதும் ஓரமும் திரும்பும், எழுத்தும் கூர்மையாகும்.

இன்னொன்றும் செய்யுங்கள். பல டிவிகளில் அந்த எச்.டி.எம்.ஐ துளைக்குப் 'பிசி' என்று பெயர் வைக்கலாம். உள்ளே வருவது கம்ப்யூட்டர் என்று தெரிந்ததும், சினிமாவுக்காகச் செய்யும் பூச்சு வேலைகளை டிவி குறைத்துக்கொள்ளும். மவுஸ் தாமதமாக நகர்வதும் குறையும். ஷார்ப்னஸைக் கூட்டினால் தெளிவு கூடும் என்பது பொய். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவதுதான் அதன் வேலை. அந்தக் கோடு மறையும்வரை குறையுங்கள்.

கறுப்பு சாம்பல் நிறமாக வெளுத்திருந்தாலோ, இருட்டுக் காட்சியில் எதுவும் தெரியாமல் போனாலோ, பிரைட்னஸில் கை வைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணும். வீடியோ வழக்கத்தில் அது 16, 235. இரண்டு சாதனமும் வேறு வேறு கணக்கில் இருந்தால் இப்படி ஆகும். 'பிளாக் லெவல்' என்ற இடத்தில் 'லோ', 'நார்மல்' என்று மாற்றிப் பாருங்கள்.

சத்தம் லேப்டாப்பிலேயே வந்துகொண்டிருந்தால், ஸ்பீக்கர் சின்னத்தைத் தொட்டு டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இந்த செட்டிங்குகளைப் பெரும்பாலான டிவிகள் துளைவாரியாகத்தான் நினைவில் வைக்கும். அடுத்த முறையும் அதே துளையில் சொருகுங்கள்.