மோட்டார் வண்டியின் வெப்பமும் குளிர்ச்சியும்



நமது மலாக்கா மாநிலத்து ஊர்ப் பெயர்களில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஆயர் மோலேக் என்றால் அழகிய நீர். ஆயர் குரோ என்றால் கலங்கிய நீர். ஆயர் பானாஸ் என்றால் வெந்நீர். இம்மூன்று பெயர்களையும் வரிசையாகச் சொல்லும்போதெல்லாம் நமக்கு மோட்டார் வண்டியின் ரேடியேட்டர்தான் நினைவுக்கு வருகிறது. புதிதாய் ஊற்றும்போது அது ஆயர் மோலேக். இரண்டு மூன்று ஆண்டுகள் கவனியாமல் விட்டால் ஆயர் குரோ. பிறகு ஒரு நாள், நடுச்சாலையில், ஆயர் பானாஸ்!

வேடிக்கையாகத் தொடங்கினோமே தவிர, பேச வந்த செய்தி வேடிக்கையானதன்று. ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளி ஒன்றில் நம்மிடம் படித்த பிள்ளை ஒருவர், இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பழைய புரோட்டோன் சாத்ரியா கார் ஒன்றை வாங்கினார். அதிலிருந்த 1.3 லிட்டர் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, சாத்ரியா ஜிடிஐ என்ற வேக வண்டியின் 1.8 லிட்டர் இயந்திரத்தைப் பொருத்தினார். நம் இளைஞர்கள் பலருக்கும் உள்ள ஆசைதான் இது. பணத்தில் ஒரு பகுதி, பால்வெட்டிச் சேர்த்த அம்மா கூட்டு எடுத்துக் கொடுத்தது.

மாசி மகத்தன்று அந்த வண்டியில் பாட்டியையும், அக்காளையும், அக்காளின் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் புறப்பட்டார். நெடுஞ்சாலையில் எல்லாம் நன்றாகவே இருந்தது. கோயிலை நெருங்கும்போது நெரிசல். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. குளிர்சாதனத்திலிருந்து முதலில் வெதுவெதுப்பான காற்று வந்தது. பிறகு வெப்பமானியின் முள் ஏறியது. பிறகு முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார். பிள்ளையோ பதற்றத்தில் ஈரத்துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். முழங்கை வரை வெந்துபோயிற்று.

புண் ஆறியதும் நம்மைப் பார்க்க வந்தார். "சார், பெரிய ரேடியேட்டர் போடப் போறேன். ஏர்கண்டிஷனுக்கும் பெரிய கம்ப்ரசர் போடப் போறேன். அம்மா இன்னொரு கூட்டு எடுக்கிறேன்னு சொல்லுது" என்றார். "கூட்டு இருக்கட்டும் தம்பி, முதலில் ஒரு தாளை எடுத்து வா" என்றோம். அந்தத் தாள் என்ன சொல்லிற்று என்பதைப் பிறகு கூறுகிறோம். அதற்கு முன்பு வெப்பம் எங்கே பிறந்து எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம்.

இயந்திரத்தில் எரியும் பெட்ரோலின் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீரில் இறங்குகிறது. அந்த நீரைப் பம்பு ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்கிடையே காற்று புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. தே தாரிக் போடுகிறவர் தேநீரை உயரத் தூக்கி ஆற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தேநீரை மெல்லிய தாரையாக்கிக் காற்றில் படவிடுகிறார். ரேடியேட்டர் செய்வதும் அதே வேலைதான். காற்று வராவிட்டால் எத்தனை பெரிய ரேடியேட்டரானாலும் அது சூடான பாத்திரந்தான்.

1.3 லிட்டர் சாத்ரியாவின் ஆற்றல் ஏறத்தாழ 75 குதிரைத் திறன். ஜிடிஐ இயந்திரத்தினுடையது ஏறத்தாழ 140. முழு வேகத்தில் ஓட்டும்போது ஆற்றல் இரு மடங்கானால், வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவில் கூடும். ஆகவே இயந்திரத்தை மாற்றியவர் ரேடியேட்டரைப் பற்றி யோசித்தது சரியே. ஆனால் கோயில் நெரிசலில் வண்டி முழு வேகத்தில் ஓடவில்லையே! அங்கே இயந்திரம் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. அந்நிலையில் பழைய ரேடியேட்டரே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

இனிக் குளிர்சாதனம். தோட்டத்து டிரெசர் ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட்டைத் தடவுகிறார், சில்லென்று இருக்கிறது. ஸ்பிரிட் குளிர்ந்த பொருளன்று. அது ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்சாதனத்தில் இந்த வேலையைச் செய்வது ஒரு குளிர்வாயு. நமக்கு எதிரே இருக்கும் 'கூலிங் காயில்' என்னும் பகுதியில் அது ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி, வண்டியின் முகப்பில் உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு வெப்பத்தை இழந்து, மறுபடி திரவமாகித் திரும்பி வருகிறது. குளிரை யாரும் உண்டாக்குவதில்லை, நேயர்களே. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறோம், அவ்வளவுதான்.

கொட்டும் இடம் எது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் காற்று வரும் வாசல் ஒன்றே. வெயில் நேரத்தில் காரின் குளிர்சாதனம் 4, 5 கிலோவாட் வெப்பத்தை அங்கே கொட்டக்கூடும். வீட்டு மின்கெண்டிகள் இரண்டைக் கொதிக்கவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் வைத்ததுபோல என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தச் சூடான காற்றுத்தான் ரேடியேட்டருக்குப் போய்ச் சேர்கிறது. பெரிய கம்ப்ரசர் போட்டால் வண்டிக்குள் குளிர் கூடலாம். ரேடியேட்டரின் பாடு இன்னும் திண்டாட்டமாகும். ரேடியேட்டர் ஒரு பட்டறையிலும், ஏர்கண்டிஷன் இன்னொரு கடையிலும் பார்க்கப்படுவதால், இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

நோயைக் கண்டுபிடிக்க முள்ளே போதும். வண்டி நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குறை பெரும்பாலும் விசிறியில். குளிர்சாதனமும் அப்படியே: ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெதுவெதுப்பானால் கண்டென்சருக்குக் காற்றுப் போதவில்லை. மாறாக, நிற்கும்போது நன்றாயிருந்து நெடுஞ்சாலை வேகத்திலோ மேட்டிலோ முள் ஏறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், அல்லது இயந்திரத்துக்கு அது சிறிதாயிருக்கலாம். நம் பிள்ளையின் வண்டி எந்த வகை என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

தாளின் கதைக்கு வருவோம். இயந்திரத்தை ஓடவிட்டு விசிறி சுழலும்போது, ஒரு தாளை வண்டியின் முகப்பில் கிராதிக்கு முன்னால் பிடித்தோம். காற்று உள்ளே இழுக்கப்பட்டால் தாள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். நம் தாளோ வெளியே பறந்தது! மின்விசிறியின் இரண்டு கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறார்கள். விசிறி பின்பக்கமாகச் சுழன்று, இயந்திரத்தின் அனலை ரேடியேட்டர் வழியாகக் கண்டென்சர் மேலேயே ஊதிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றின் வேகம் அதை வென்றது. நெரிசலில் வெல்லக் காற்று ஏது? இயந்திரம் மாற்றிய பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருத்திய அன்றே யாராவது ஒரு தாளைப் பிடித்துப் பார்த்திருக்கலாம். (இச்சோதனையைச் செய்யும்போது விரலை விசிறிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இயந்திரம் அணைந்த பிறகும் மின்விசிறி தானே சுழலத் தொடங்குவதுண்டு.)

கம்பியை மாற்றியதும் தாள் ஒட்டியது. ஆனால் நடுவில் மட்டும் ஒட்டியது, ஓரங்களில் தொங்கியது. காரணம், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருக்க வேண்டிய விசிறிக்கூடு இல்லை. அந்தக் கூடு ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்றைத் திரட்டி விசிறிக்குக் கொண்டுவருகிறது. கூடு இல்லாவிட்டால், விசிறி தன் வட்டத்தளவு காற்றைத்தான் இழுக்கும். அழகுக்காகப் பொருத்திய அகன்ற பம்பரும், அதில் வைத்த இரண்டு பெரிய விளக்குகளும் வாசலில் பாதியை அடைத்திருந்தன. மீதி வாசலில் தோட்டத்துச் செம்மண் தூசியும் ஈசல் சிறகும் படிந்து, கண்டென்சரின் தகடுகள் மூடிக் கிடந்தன. மென்மையாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினோம். வேகமான நீர்த்தாரை கூடாது, தகடுகள் மடிந்துவிடும்.

இன்னொன்றும் கண்டோம். பானட்டின் பின்புறத்தை வளையங்கள் வைத்துத் தூக்கியிருந்தார், அனல் வெளியேறட்டும் என்று. நிற்கும்போது சிறிது வெளியேறும். ஆனால் வேகத்தில் போகும்போது கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடுதலாக இருப்பதால், அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே புகுந்து, ரேடியேட்டர் வழியே வரும் காற்றைத் தடுக்கவும் செய்யும். நண்பர்கள் செய்தார்கள் என்று செய்ததாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் இயந்திரம் சூடாகாது என்று சொல்லும் பொமன்கள் இன்னும் இருக்கிறார்கள். நீர் 82 அல்லது 88 டிகிரியை எட்டும்போது திறக்கும் சிறிய கதவு அது. அதை எடுத்துவிட்டால் இயந்திரம் தேவையான சூட்டை அடைய நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் மிகும். பழுதானால் புதிது போடுங்கள், விலை அதிகமில்லை. கூலண்ட் என்னும் பச்சை அல்லது சிவப்பு நீரைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அது தண்ணீரைவிட அதிக வெப்பத்தைச் சுமப்பதில்லை. உண்மையில் சற்றுக் குறைவாகவே சுமக்கிறது. பனி விழாத நம் நாட்டில் அதன் முக்கியப் பயன், கொதிநிலையை உயர்த்துவதும், இரும்பும் அலுமினியமும் அரிக்காமல் காப்பதுமாகும். ஆற்று நீரையும் குழாய் நீரையும் ஊற்றிக்கொண்டே வந்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்து ஆயர் குரோவாகிவிடும்.

ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய்களையும் அமுக்கிப் பாருங்கள். நம் தோட்டத்துப் பால்மரத்து ரப்பர் அதில் இருக்குமென்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வெந்நீரையும் ஆவியையும் நெடுநாள் தாங்குவதற்காக அது பெரும்பாலும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகிறது. நம் ரப்பர் அதே வண்டியின் டயரிலும், இயந்திரத்தைத் தாங்கும் கட்டைகளிலும் இருக்கிறது. குழாய் உப்பியிருந்தாலும், அமுக்கினால் வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அந்த அழுத்தம் வரை அது நீரை அடக்கி வைக்கிறது. பிரஷர் குக்கரைப் போலத்தான். 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர், 0.9 அழுத்தத்தில் ஏறத்தாழ 119 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும். அடங்கியிருந்த நீர் ஆவியாகச் சீறும். ஈரத்துணி அதைத் தடுக்காது. முள் ஏறினால் குளிர்சாதனத்தை உடனே அணையுங்கள். ஓரமாக நிறுத்தி இயந்திரத்தையும் அணையுங்கள். அரைமணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் இயந்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும். தப்பித்தவறிக் கை வெந்துபோனால், ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். பற்பசையும் கிச்சாப்பும் தடவுவது நம் வீடுகளில் உள்ள கெட்ட பழக்கம்.

குளிர்வாயுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற பழைய வண்டிகளில் ஆர் 12 என்ற வாயு இருந்தது. அது வானத்து ஓசோன் படலத்தை அரிப்பது தெரியவந்து, 1987இல் மொன்றியல் நகரில் உலக நாடுகள் உடன்பாடு கண்டன. அதற்குப் பின் வந்த வாயு ஆர் 134ஏ. பழைய சாகாவில் இதை நிரப்புவதானால், கம்ப்ரசர் எண்ணெயையும் ஈரமுறிஞ்சும் டிரையரையும் ரப்பர் வளையங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். வாயுவை மட்டும் ஏற்றினால் கம்ப்ரசர் நாளடைவில் இறுகிப்போகும். மலிவு என்று சொல்லி, சமையல் வாயுவை ஒத்த எரியும் வாயுவை நிரப்பினால் சம்மதிக்காதீர்கள். விபத்தில் உடையும் முதல் பாகங்களில் கண்டென்சரும் ஒன்று.

இயந்திரம் மாற்றியவர் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அதைப் பதிவு செய்வதும், காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். நம் பிள்ளை அதைப் பிற்பாடுதான் செய்தார். நாம் மூன்று முறை கேட்ட பிறகு.

வண்டியில் கடைசியாக என்னதான் மாற்றினார்கள் என்று கேட்பீர்கள். பழைய பாகக் கடையில் ஜிடிஐ வண்டியின் ரேடியேட்டர், விசிறிக்கூட்டோடு கிடைத்தது. அதை வாங்கிப் போட்டார். புதிய மூடி, புதிய தெர்மோஸ்டாட், கூலண்ட். பம்பரின் இரண்டு விளக்குகளையும் கழற்றினார். இயந்திரம் மாற்றியபோது தடுப்புத் தகட்டில் திறந்தே விட்டிருந்த துவாரங்கள் வழியே கால்பக்கம் அனல் வந்துகொண்டிருந்தது. அவற்றை ரப்பர் அடைப்பான்களால் மூடினோம். கம்ப்ரசர் பழையதுதான். அம்மா இன்னொரு கூட்டு எடுக்கவில்லை.

அடுத்த மாசி மகத்துக்கு அதே வண்டியில் அதே நால்வரும் போனார்கள். அதே நெரிசல், முள் பாதியைத் தாண்டவில்லை. குளிர் தாங்காமல் முட்டி வலிக்கிறது, அதைக் கொஞ்சம் குறையப்பா என்று பாட்டி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம்.