சிங்கி இறாலின் வால் சிவப்பதும் சுருள்வதும் ஏன்?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலில் பிடிபடும் சிங்கி இறாலின் ஓடு, உயிருள்ளபோது கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ தோன்றினாலும், அதனுள் அஸ்டாசாந்தின் எனும் செந்நிறமி முன்பே இருக்கிறது. கிரஸ்டாசயனின் எனப்படும் புரதம் அந்நிறமியை இறுகப் பற்றி, அதன் வடிவத்தைத் திரித்து வைத்திருப்பதால், அது உள்வாங்கும் ஒளியின் அலைநீளம் மாறி நீலச்சாயல் பெறுகிறது. கொதிநீரில் புரதத்தின் மடிப்புகள் குலைய, விடுபட்ட நிறமி தன் இயல்பான சிவப்பைக் காட்டுகிறது.

சமைப்போர் தவறுவது நிறத்தில் அன்று, சதையில்தான். ஆபத்து நேர்கையில் வாலைச் சடாரென மடித்துப் பின்னோக்கிப் பாய உதவும் மடக்குத் தசைகளே வாலில் மிகுதியாக இருப்பதால், சூட்டில் அவை சுருங்கும்போது வால் உட்புறமாக வளைகிறது (வறுத்த இறால் வளைவதும் இவ்வாறே). சமைக்கும் முன் வாலில் நீளவாக்கில் செருகப்படும் மூங்கில் குச்சி தடுப்பது இந்த வளைவைத்தான். தசைப்புரதங்களுள் மயோசின் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியசுக்குள்ளேயே உருக்குலையத் தொடங்கிச் சதையை வெண்மையாக்க, ஆக்டின் 65 டிகிரியைத் தாண்டிய பின் இறுகி, நீரைப் பிழிந்து வெளியேற்றி, சதையை ரப்பர்போல் ஆக்கிவிடுகிறது. ஆகவே ஓடு சிவந்தது சதை வெந்ததற்குச் சான்றாகாது; தடித்த பகுதியில் செருகிய வெப்பமானி 63 டிகிரி காட்டியதும் வாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும்.