நீர்க் குழாயும் நோய்க் கிருமியும்

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. அடக்கவும் இயலாது, தானே கழிக்கவும் இயலாது வருந்துவோர் நிலையைப்பற்றி அப்பழமொழி ஒன்றும் கூறிற்றில்லை. இராமநாதபுரம் தொடங்கி இராமேசுவரம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் இத்தகையோரைக் காணலாம். பனைமரத்தினின்றும் வீழ்ந்து தண்டுவடம் நைந்தவரும், முதுமையில் புராஸ்டேட் சுரப்பி பருத்து நீரடைப்புற்றவரும், நீரிழிவால் நரம்பு தளர்ந்தவரும் அவருட் சிலர். மக்கள் ‘டியூப்’ என வழங்கும் சிறுநீர்க் குழாயே இவர்களுக்கு உயிர்த்துணை. அத்துணையே சிலவேளை உயிர்க்கு உலை வைப்பதும் உண்டு. அஃது எங்ஙனம் நிகழ்கின்றது, அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க வைத்தியராகிய ஃபோலி என்பார் 1930-களில் வகுத்த அமைப்பே இன்றும் பெரும்பாலும் வழங்குகின்றது. குழாயின் உள்நுனியருகே சிறு பலூன் ஒன்று உண்டு. குழாய் மூத்திரப்பையை அடைந்தபின் பலூனுள் தூயநீரைச் செலுத்துவர். அது பருத்து, குழாயை நழுவாதபடி நிறுத்தும். சிறுநீர் இடையறாது வடிந்து, வெளியே பிணைத்த பையிற் சேரும்.

நலமுள்ள உடம்பில் மூத்திரப்பை நிரம்புவதும் ஒழிவதுமாக இருத்தலால், வழிதவறிப் புகுங் கிருமிகள் வெள்ளத்திற் பட்ட துரும்பென அடித்துக்கொண்டு போகப்படுகின்றன. குழாய் இட்டபின் இக்காவல் நீங்குகின்றது. கிருமிகள் குழாயின் புறத்தே ஊர்ந்தும், பையைக் கழற்றும்போது உள்வழியே ஏறியும் புகுகின்றன. கடலில் நெடுநாட் கிடந்த தோணியின் அடியிற் பாசி பற்றுதல்போல, அவை குழாய்ச் சுவரில் ஒட்டி, வழுவழுப்பான படலம் அமைத்து, அதனுள் வாழும். மருந்து அப்படலத்துள் எளிதிற் செல்லாது. சிலவகைக் கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். அதனால் உப்புக்கள் கல்லெனப் படிந்து குழாயையே அடைத்துவிடும். குழாய் வைத்திருப்போருள் நாள்தோறும் நூற்றுக்கு 3 முதல் 7 பேர்க்குப் புதிதாகக் கிருமி ஏறுகின்றது என்பர். ஒரு திங்கள் கழியின் ஏறக்குறைய எல்லாரிடத்தும் அஃது இருக்கும். ஆதலின், தேவை தீர்ந்த குழாயை ஒருநாளும் மிகையாக வைத்திருத்தலாகாது என்பதே முதல் விதி.

கிருமி இருத்தல் வேறு. நோய் உறுதல் வேறு. சிறுநீர் கலங்கிற்று, நாற்றம் வீசிற்று என்பதனால் மட்டும் கடையில் மருந்து வாங்கி உண்பது பிழை. அது மருந்துக்கு அஞ்சாத கிருமிகளை வளர்த்து, உண்மை நோய் வரும்போது மருந்தைப் பயனிலதாக்கும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் நோவு, முதியோரிடத்துத் திடீரெனத் தோன்றும் அறிவுமயக்கம், குருதி கலந்த நீர், சில மணிநேரமாக நீர் வடியாமை ஆகிய இவையே அபாயக் குறிகள். இவற்றுள் ஒன்று காணினும் ஆஸ்பத்திரி செல்லத் தாமதித்தலாகாது. மார்பளவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் நைந்தவர்க்குக் குழாய் அடைபடின், கடுந்தலைவலியும் வியர்வையும் தோன்றி, இரத்த அழுத்தம் உயிர்க்கே கேடாமளவு உயரக்கூடும்.

பையைத் தொடுமுன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். குழாய் புகுமிடத்தை நாள்தோறும் சவர்க்கார நீரால் தூய்மை செய்தல் போதும். குழாயையும் பையையும் காரணமின்றிப் பிரித்தலாகாது. பை எப்பொழுதும் மூத்திரப்பைக்குத் தாழவே இருத்தல் வேண்டும். ஆயினும் தரையிற் படலாகாது. நம்மூர்களிற் பாயில் படுப்பார்க்கு இது பெரும் இடர். பையைத் தாழ வைக்க இடமேது? ஆதலின் நோயாளிக்கு ஒரு நார்க்கட்டில் இடுவதும், அதன் சட்டத்திற் பையைத் தொங்கவிடுவதும் மருந்தினும் சிறந்த உதவியாம். மதுரைக்குப் பஸ்ஸிற் செல்வோரும் பையை மடிமீது வைத்தலாகாது. உவர்நீர் மிக்க ஊர்களில் குடிநீரைக் குடத்துக்கு விலைகொடுத்து வாங்குவோர் நீரைச் சிக்கனமாகக் குடிப்பர். குழாயுள்ளவர்க்கு அச்சிக்கனம் தீங்கு. வைத்தியர் தடுத்தாலன்றி, வெயில்நாளில் மிகுதியாகவே பருகல் வேண்டும்.

முதல் உலகப்போரில் தண்டுவடம் முறிந்த வீரருட் பெரும்பாலோர் சிறுநீர்வழி நோயாலும் படுக்கைப் புண்ணாலும் சின்னாளில் மாண்டனர். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் குட்மன் என்பார் தொடங்கிய சிகிச்சை அந்நிலையை மாற்றிற்று. 1972-இல் லாப்பிடஸ் என்னும் அமெரிக்க வைத்தியர், குழாயை நிலையாக வையாது, சில மணிக்கொருமுறை நோயாளி தாமே தூய கையால் இட்டு நீரை ஒழித்து எடுத்துவிடும் முறையை வெளியிட்டார். மூத்திரப்பை முற்றும் ஒழிதலே பெருங்காவல் என்பது இதனால் விளங்கிற்று. கை வலிமையுள்ளோர் இம்முறை தமக்குப் பொருந்துமா என வைத்தியரை வினவுதல் நன்று.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் மோட்டார் விபத்தில் இருகாலும் செயலற்றார். ஆயினும் சக்கரநாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் அவ்வூரில் எழுந்த மறுவாழ்வு நிலையத்தைத் தலைமை தாங்கி நடத்தினார். 1975-இல் கைகால் செயலற்ற எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். உடல் தளர்ந்தாலும் வாழ்வு முடிந்ததன்று என்பதற்கு இவர்களே சான்று.

2021-இல் தோன்றிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் செவிலியர் வீடுதோறும் வருகின்றனர். 2022-இல் இராமநாதபுரத்தில் அரசினர் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. எனினும், பை தொங்குவதை எண்ணி வெட்கி வீட்டினுள் ஒடுங்குவாரை எத்திட்டமும் சென்றடைதல் அரிது. நோயை மறைத்தவனுக்கு மருந்தில்லை. அத்தகையார் நம் தெருவில் இருப்பின், முகஞ்சுளியாது அருகமர்ந்து பேசுதலும், அபாயக் குறிகளை வீட்டார்க்கு எடுத்துரைத்தலும், வேண்டுழி ஆஸ்பத்திரிக்கு உடன்செல்லலும் கற்றார் கடனாம்.