உழவனும் சிப்பாயும் ஒருவனே!

லால்குடி என்றதும் நேயர்களின் செவியில் பிடில் நாதந்தான் ஒலிக்கும். கண்முன் நெல்வயலும் வாழைத் தோட்டமும் விரியும். பட்டாளம் என்ற நினைவே எழாது. ஆயினும் அங்கிருந்து ரயிலேறிச் சிறிது நேரத்தில் சேரக்கூடிய திருச்சிராப்பள்ளியில், 117-வது பிரதேசப் படைப் பட்டாளத்தின் இருப்பிடம் உள்ளது. சொந்தத் தொழிலை விடாமலே தேசத்துக்காக ஆயுதம் ஏந்தும் குடிமக்களின் படை இது.

இத்தகைய படை நமக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்த நாளில், அந்த ரயில்வேக்கென ஒரு தொண்டர் துப்பாக்கிப் படை இருந்தது. வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும் அதில் சேரலாம். தண்டவாளம் போட்ட நம்மவருக்கு இடமில்லை. 1920-இல் சர்க்கார் இரண்டு சட்டங்கள் செய்தது. ஒன்று அவர்களுடைய துணைப்படைக்கு; மற்றொன்று இந்தியருக்கான பிரதேசப் படைக்கு. ஒரே தேசத்தைக் காக்க இருவகைக் கதவுகள்!

அந்தக் கதவும் வீண்போகவில்லை என்பதுதான் வியப்பு. தென்னாட்டார் போர்க்குலத்தார் அல்லர் என்று ஆங்கிலத் தளபதிகள் முடிவு கட்டியிருந்த காலம் அது. செலவைக் குறைக்கவும் வேண்டியிருந்தது. 1920-களில் சென்னை ரெஜிமெண்டின் நிலைப்படைப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. எஞ்சியவை பிரதேசப் பட்டாளங்களே. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆள் தேவைப்பட்டபோது, அவற்றை ஆதாரமாகக் கொண்டே ரெஜிமெண்டு மறுபடியும் எழுந்தது. தென்னாட்டுச் சிப்பாய் மரபின் விளக்கை அணையாமல் காத்தவர் ஓய்வுநாள் வீரர் என்றால் மிகையாகாது.

சுதந்திர இந்தியாவில் 1948-இல் புதிய சட்டம் நிறைவேறியது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி, கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி பிரதேசப் படையைத் தொடங்கி வைத்தார். இரட்டைக் கதவு ஒழிந்தது.

இதன் அமைப்பு எளியது. காலாட்படைப் பட்டாளம் ஒவ்வொன்றும் நிலைப்படையின் ஒரு ரெஜிமெண்டைச் சார்ந்திருக்கும். திருச்சிப் பட்டாளம் கார்ட்ஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தது. தலைமை தாங்குபவர் நிலைப்படைக் கர்னல். அதிகாரியாக விரும்புவோர் 18 முதல் 42 வயதுக்குள், பிழைப்புக்கு வேறு தொழில் உடையவராக இருத்தல் வேண்டும். நகரப் பிரிவினருக்கு ஆண்டில் ஒரு மாதமும், மற்றவர்க்கு இரண்டு மாதமும் பயிற்சி என்பது பொது விதி.

விதி அமைதிக் காலத்துக்குத்தான். 1962, 1965, 1971 யுத்தங்களில் இப்படையினர் பணிக்கு அழைக்கப்பட்டனர். 1982-இல் தொடங்கிய ஒரு பட்டாளம் முசூரி மலைச்சரிவுகளில் மரம் நட்டது. இக்காலத்திலோ பல பட்டாளங்கள் காச்மீரத்திலும் வடகிழக்கிலும் நெடுங்காலம் காவல் நிற்கின்றன.

பிள்ளை நெடுநாள் போய்விட்டால் வீட்டு அடுப்பு எரிவது எப்படி என்று தாய்மார் கேட்பது நியாயமே. அழைப்பு வந்த நாளில் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ராணுவச் சம்பளம் உண்டு. திரும்பி வருகிறவனுக்குப் பழைய வேலையைத் தரவேண்டும் என்று சட்டமும் முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் வயலைப் பார்த்துக்கொள்ள எந்தச் சட்டமும் வராது. அதை அண்டை வீட்டார்தான் செய்யவேண்டும். அவ்வாறு செய்பவரையும் இப்படையில் சேர்ந்தவராகவே நாம் கருதுகிறோம்.