தேதி முந்தி, நிலம் பிந்தி

காஞ்சிபுரத்தில் உள்ள எல் அண்ட் டி ஆலையில் உருவான ராட்சத இயந்திரம் ஒன்று 2021 செப்டம்பரில் கொடியசைத்து அனுப்பிவைக்கப்பட்டது. 55 சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் அதன் தயாரிப்பில் கைகோத்திருந்தன. மும்பை - அகமதாபாத் புல்லட் ரயில் பாதைக்கான கர்டர் ஏற்றும் சாதனம் அது. 40 மீட்டர் நீளமும் 970 டன் எடையும் கொண்ட கான்கிரீட் கர்டரை முழுசாகத் தூக்கி, இரண்டு தூண்களுக்கு நடுவே உட்கார வைத்துவிடும். துண்டு துண்டாக வார்த்துக் கோக்கும் வழக்கமான முறையைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு வேகம் என்று கணக்குச் சொல்கிறது ரயில்வே.

அந்த வேகம் உண்மையானதுதான். முதல் கர்டர் 2021 நவம்பரில் ஏறியது. முதல் ஒரு கிலோமீட்டர் பாலம் முடிய 2022 ஜூன் ஆகிவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு ஏழு மாதம் போலத் தோன்றும். ஆனால் 2023 ஏப்ரலில் 50 கிலோமீட்டர், அதற்கடுத்த ஆறே மாதத்தில் 100, 2025 மே மாதம் 300 என்று ஓட்டம் பிடித்தது. கர்டர் வார்க்கும் களங்கள் அமைந்து, ஆட்களுக்குக் கை பழகி, இயந்திரங்கள் வரிசையாக வந்து சேர்ந்த பிறகு இப்படித்தான் நடக்கும். இந்தியக் கட்டுமானத் துறையில் இதை ஒரு சாதனை என்று தயங்காமல் சொல்லலாம்.

இவ்வளவு வேகமாகக் கட்டத் தெரிந்தவர்களின் ரயில் ஏன் இன்னும் ஓடவில்லை?

2017 செப்டம்பர் 14 அன்று பிரதமர் மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் சேர்ந்து அடிக்கல் நாட்டினார்கள். 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள், 1,08,000 கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பானியக் கடன், வட்டி 0.1 சதவீதம், திருப்பிச் செலுத்த 50 ஆண்டு. அதிகாரபூர்வ இலக்கு 2023 டிசம்பர். அது போதாதென்று, சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2022 ஆகஸ்ட் 15-லேயே ஓட்டிவிடுவோம் என்றும் அறிவித்தார்கள். அன்றைக்குத் திட்டத்துக்குத் தேவையான நிலம் கையில் இல்லை. பெரிய கட்டுமான ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் பெண் பார்க்கக் கிளம்பியது போன்ற காரியம் இது.

நிலக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் திட்டத்தின் உண்மையான கால அட்டவணை அங்கேதான் இருக்கிறது. மொத்தத் தேவை ஏறத்தாழ 1,390 ஹெக்டேர். பாதையின் பெரும்பகுதியைத் தரையில் மண்கரை போட்டுக் கொண்டுபோகாமல் தூண்களின் மேல் தூக்கிவிட்டார்கள். அதனால் தேவைப்படும் அகலம் 17.5 மீட்டராகச் சுருங்கியது. கீழே விவசாயியின் மாடும் டிராக்டரும் மழைத்தண்ணீரும் தடையில்லாமல் போய்வர முடிகிறது. செலவு அதிகம்தான். ஆனாலும் நிலத்துக்காகப் போராடும் ஆண்டுகளை மிச்சப்படுத்தும் புத்திசாலித்தனமான முடிவு அது. அளவைப் பணியிலும் இதே முன்யோசனை இருந்தது. வானிலிருந்து லேசர் மூலம் அளக்கும் லைடார் முறையால், வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு மாதம் பிடிக்கும் வேலையைப் பன்னிரண்டு வாரத்தில் முடித்தார்கள்.

அப்படியும் நிலம் நிலம்தான். குஜராத்தில் சூரத் பகுதி விவசாயிகள் இழப்பீடு போதவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். 2019 செப்டம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் கதை இன்னும் சிக்கல். பழங்குடியினர் அதிகம் வாழும் பட்டியல் பகுதி அது. கிராம சபையைக் கேட்காமல் நகர முடியாது. சப்போட்டாத் தோப்புகளுக்குப் பெயர்போன ஊர்கள் அங்கே உண்டு. பலன் தரும் மரத்தை இழப்பவனுக்கு ‘தேசத்தின் பெருமை’ என்ற பதில் போதாது, போதவும் கூடாது. மும்பை விக்ரோலியில் கோத்ரெஜ் நிறுவனத்தின் சுமார் பத்து ஏக்கர் நிலம் தொடர்பான வழக்கு 2023 பிப்ரவரியில்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. முனையமான பாந்த்ரா குர்லா வளாகத்தில், நிலையம் வர வேண்டிய இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கும் கோவிட் சிகிச்சை மையமும் இருந்தன. அலையாத்தி மரங்களை வெட்டும் அனுமதி 2022 டிசம்பரில் கிடைத்தது. 50,000-க்கும் மேல் என்று போட்ட முதல் கணக்கை, தாணே நிலைய வடிவமைப்பை மாற்றி 20,000 அளவுக்குக் குறைத்த பிறகு.

2022 நடுவில் குஜராத்தில் ஏறக்குறைய எல்லா நிலமும் கைக்கு வந்திருந்தது. மகாராஷ்டிரத்தில் முக்கால் பங்குகூட வரவில்லை. இடையில் அங்கே ஆட்சி மாறியது. முந்தைய அரசு இந்தத் திட்டத்தில் ஆர்வம் காட்டவில்லை, அடுத்த அரசு அனுமதிகளை வேகமாகக் கொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு மாநிலங்களைக் கடக்கும் பாதைக்கு இரண்டு மாநில அரசுகளின் மனசும் வேண்டும் என்பதை 2017-ல் அட்டவணை போட்டவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. முழு நிலமும் கைக்கு வந்தது 2024 ஜனவரியில். அடிக்கல் நாட்டி ஆறு ஆண்டு தாண்டியிருந்தது. வழியில் குறுக்கிட்ட மின்கம்பிகள், குழாய்கள் என்று 1,600-க்கும் மேற்பட்ட இணைப்புகளை இடம் மாற்றிய வேலை இதில் சேராது.

நிலம் பிந்தியதால் ஒப்பந்தமும் பிந்தியது. குஜராத்தில் வாபியிலிருந்து வதோதரா வரை 237 கிலோமீட்டருக்கு எல் அண்ட் டி நிறுவனத்துடன் சுமார் 25,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2020 நவம்பரில் கையெழுத்தானது. மகாராஷ்டிரப் பகுதியின் மூன்று பெரிய ஒப்பந்தங்களும் (பாந்த்ரா குர்லா நிலையம், சுரங்கம், ஷில்பாட்டாவுக்கு வடக்கே 135 கிலோமீட்டர் மேல்தளப் பாதை) 2023-ல்தான் முடிவாயின. ஒரே திட்டம், இரண்டு கடிகாரம்.

இந்த இடத்தில்தான் ‘இத்தனை சதவீதம் முடிந்தது’ என்ற செய்தி நம்மை ஏமாற்றுகிறது. பாலம் கட்டுவது பல முனைகளில் ஒரே நேரத்தில் நடக்கும் வேலை. ஓர் இடத்தில் சிக்கல் என்றால் இயந்திரத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம், கூடுதலாக ஒரு வார்ப்புக் களம் போடலாம். சுரங்கம் அப்படி இல்லை. மும்பை முனையத்திலிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர். அதில் 7 கிலோமீட்டர் தாணே கழிமுகத்துக்கு அடியில். 16 கிலோமீட்டரைச் சுரங்கம் தோண்டும் இயந்திரங்கள் குடைய வேண்டும். மீதி 5 கிலோமீட்டர் வெடிவைத்துத் தோண்டுவது. இயந்திரத்தை இறக்கவே ஆழமான குழிகள் வெட்ட வேண்டும். ஒரு முகத்தில் ஓர் இயந்திரம்தான் நிற்க முடியும். பணத்தைக் கொட்டினாலும் அதன் வேகம் இரட்டிப்பாகாது. வெடிவைத்துத் தோண்டிய பகுதி 2025 செப்டம்பரில் மறுமுனையைத் தொட்டது. கடினமான 16 கிலோமீட்டர் அதன் பின்னால் நின்றது.

பொறியாளர்கள் ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று சொல்வது இதைத்தான். நூறு வேலைகளில் எந்தச் சங்கிலி மிக நீளமோ அதுதான் முடியும் நாளைத் தீர்மானிக்கும். மற்ற தொண்ணூற்றொன்பதும் முன்கூட்டி முடிந்தாலும் அந்த நாள் அசையாது. குஜராத்தில் 300 கிலோமீட்டர் பாலம் நிற்பது மும்பைக்காரர் ரயில் ஏறும் நாளை ஒரு நாள்கூட முன்னே கொண்டுவராது. ஆனால் பாலத்தையும் சுரங்கத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சதவீதம் அழகாகத் தெரியும். திட்டத்தை நடத்தும் தேசிய அதிவேக ரயில் நிறுவனம் எத்தனை தூண், எத்தனை கர்டர் என்று படத்தோடு ஒழுங்காகச் செய்தி வெளியிடுகிறது. பாராட்ட வேண்டிய பழக்கம். நம் ஊர்த் திட்டங்கள் பலவற்றில் இதுகூடக் கிடையாது. ஆனால் இந்த மாதத்துக்குள் எவ்வளவு முடிந்திருக்க வேண்டும் என்ற எண் அந்தக் குறிப்புகளில் பக்கத்தில் நிற்பதில்லை. அது இல்லாமல் முடிந்த கணக்கை மட்டும் படித்தால் எல்லா மாதமும் வெற்றி மாதம்தான்.

வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2024 நவம்பரில் ஆனந்த் மாவட்டம் வாசத் அருகே, மாகி ஆற்றுப் பாலப் பணியில் நடந்த விபத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். முன்னேற்ற அறிக்கைகளில் இதற்கென்று ஒரு பத்தி ஒதுக்கப்படுவதில்லை.

‘ஜப்பான்காரனாக இருந்தால் குறித்த நாளில் முடித்திருப்பான்’ என்று சொல்பவர்கள் உண்டு. முதல் ஷின்கான்சென் குறித்த நாளில்தான் ஓடியது. டோக்கியோ - ஒசாகா இடையே 515 கிலோமீட்டர். 1959 ஏப்ரலில் தொடங்கி, 1964 அக்டோபர் 1-ல், ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள் முன்பாக. ஐந்தரை ஆண்டு! எப்படி முடிந்தது என்பதற்குள் போனால் கதை அவ்வளவு தெய்வீகமாக இருக்காது. போருக்கு முன்பே அங்கே ஓர் அதிவேகப் பாதைத் திட்டம் இருந்தது. அதற்காக அன்றே நிலத்தின் ஒரு பகுதியை வாங்கிவிட்டார்கள். புதிய தன்னா சுரங்கத்தை 1941-லேயே தோண்டத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார்கள். மிக நீளமான சங்கிலியின் ஒரு துண்டு இருபது ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது என்று பொருள்.

பணக் கதை இன்னும் சுவாரசியம். தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோ, உண்மைச் செலவைச் சொன்னால் நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தே குறைத்துக் காட்டினார். பிறகு உலக வங்கியிடம் 80 மில்லியன் டாலர் கடன் வாங்கினார். தொகை பெரிதல்ல, அரசு நடுவில் கைவிட முடியாதபடி அது ஒரு கட்டு. செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கானபோது 1963-ல் சோகோ பதவி இழந்தார், தலைமைப் பொறியாளர் ஹிதேயோ ஷிமாவும் கூடவே வெளியேறினார். ரயில் ஓடிய நாளில் இருவரும் பொறுப்பில் இல்லை. தேதியைக் காப்பாற்றிக் கணக்கைப் பலி கொடுத்தார்கள். இன்று நாம் அவர்களை மேதைகள் என்கிறோம். அதே காரியத்தை இங்கே ஓர் அதிகாரி செய்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்போம்?

பிரிட்டன் எதையும் காப்பாற்றவில்லை. லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் எச்.எஸ்.2 திட்டத்தில், வடிவமைப்பு பழுக்கும் முன்பே ஒப்பந்தங்களைப் போட்டார்கள். செலவு கூடினால் பெரும்பாலும் அரசின் தலையில் விழும் வகை ஒப்பந்தங்கள். பிற அரசு அமைப்புகளிடமிருந்து 8,276 அனுமதிகள் வாங்க வேண்டியிருந்ததாக அதன் தலைவரே சொன்னார். வௌவால்களைக் காக்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கூண்டு. செலவு 10 கோடி பவுண்டுக்கு மேல். 2023 அக்டோபரில் பர்மிங்காமுக்கு வடக்கே போகவிருந்த பகுதியையே ரத்து செய்தார்கள். 2025 ஜூனில் போக்குவரத்து அமைச்சர், 2033 என்ற இலக்கும் நடக்காது என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இதோடு ஒப்பிட்டால் நம் குஜராத் பகுதி நன்றாக நடந்த வேலை என்றே சொல்வேன்.

இனி வருவது கண்ணுக்குத் தெரியாத பாதி. தண்டவாளம், மின்கம்பி, சிக்னல், ரயில் பெட்டி, பாதுகாப்புச் சான்றிதழ். ஜப்பானின் இ5 வகை ரயில் என்று தொடங்கிய திட்டம், அடுத்த தலைமுறை இ10-க்குத் தாவியிருக்கிறது. அது ஜப்பானிலேயே இந்தப் பத்தாண்டின் முடிவில்தான் ஓடும். அதுவரை பாதை சும்மா கிடக்கக் கூடாதென்று, சென்னை ஐ.சி.எஃப். மூலம் பெங்களூரு பி.இ.எம்.எல். நிறுவனத்துக்கு 2024 அக்டோபரில் இரண்டு ரயில்களுக்கு ஆர்டர் போனது. 280 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கும் ரயில்கள், 867 கோடி ரூபாய். 320 வேகப் பாதையில் இவை ஓடப் போவதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. 2027 ஆகஸ்டில் சூரத்தை ஒட்டிய ஒரு பகுதியை முதலில் திறப்போம் என்கிறது ரயில்வே. ஜப்பானும் முழுப் பாதைக்கு முன்னால் காமோனோமியா அருகே ஒரு துண்டைத் தனியாக முடித்து, 1963 மார்ச்சில் 256 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தது. புதிய தொழில்நுட்பத்தின் கோளாறுகள் சிறிய தூரத்தில் வெளிப்படுவது நல்லது. அதைத் ‘திறப்பு விழா’ என்று சொல்லாமல் ‘சோதனைக் கட்டம்’ என்று சொல்லும் துணிச்சல் மட்டும் வேண்டும்.

முழுப் பாதை எப்போது முடியும், எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு, நிலமும் ஒப்பந்தங்களும் முடிந்த பிறகே சொல்ல முடியும் என்று நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சகம் முன்பு பலமுறை பதில் தந்தது. நேர்மையான பதில். 2017-லேயே அதைச் சொல்லியிருந்தால் இந்தத் திட்டத்துக்குத் தாமதம் என்ற பெயரே வந்திருக்காது.

சென்னை - பெங்களூரு - மைசூரு இடையே 435 கிலோமீட்டர் அதிவேகப் பாதைக்கான ஆய்வும் தேசிய அதிவேக ரயில் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது. அது மூன்று மாநிலங்களைக் கடக்கும் பாதை. அதற்கு யாராவது ரயில் ஓடும் தேதியை அறிவித்தால், எத்தனை ஹெக்டேர் நிலம் கையில் இருக்கிறது என்ற எண்ணையும் அதே மேடையில் சொல்லச் சொல்லுங்கள்.