ஈரலழற்சி வைரசும் நிணநீர்ப் புற்றுநோயும்

ஈரலழற்சி வைரசுகள் ஈரலை மட்டுமே பாதிக்கும் என விடை எழுதும் மாணவர் பலர். நீங்கள் அவ்வாறு எழுதவேண்டாம். 1989 இல் இனங்காணப்பட்ட ஈரலழற்சி சி வைரசு குருதி மூலம் தொற்றி, பல ஆண்டுகள் உடலில் தங்கக்கூடியது. அக்காலம் முழுவதும் பிறபொருளெதிரிகளைத் தோற்றுவிக்கும் பி நிணநீர்க்குழியங்கள் தூண்டப்பட்டு மீண்டும் மீண்டும் பிரிகின்றன. பிரிவு கூடக்கூட டீ.என்.ஏ.யில் பிழை ஏற்படும் வாய்ப்பும் கூடும். தொற்றுடையோருள் மிகச் சிலரில் மட்டும் இது லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயாகின்றது.

சான்று என்ன? 2002 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், இவ்வைரசும் மண்ணீரல் சார்ந்த லிம்போமாவும் கொண்ட 9 பேருக்கு இன்டர்பெரோன் வழங்கப்பட்டது. அதனால் வைரசு நீங்கிய 7 பேரில் புற்றுநோயும் மறைந்தது. வைரசு இல்லாத 6 நோயாளரில் அதே மருந்து பயன்தரவில்லை! இவ்வொப்பீட்டை விடையில் குறிப்பிடுங்கள்.

இவ்வைரசுக்குத் தடுப்பூசி இல்லை. எனினும் இன்று 8 முதல் 12 வார மாத்திரைச் சிகிச்சையால் பெரும்பாலானோரில் அதனை நீக்கலாம்.