வரப்பில் எறியும் புல்லில் மருந்தும் உண்டு, தானியமும் உண்டு

நடவு முடிந்து இருபது நாள் ஆனதும் காவிரி டெல்டா வயல்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறிப்பார்கள். பறித்த புல்லைச் சுருட்டி வரப்பில் எறிவார்கள். வீட்டில் மாடு இருந்தால் அதற்குத் தீனி. இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்து சருகாகும். வயலில் பறித்ததையும் வரப்பில் செதுக்கியதையும் சேர்த்துப் பார்த்தால் கோரை, அருகு, இரண்டு வகைக் குதிரைவாலிப் புல், கேழ்வரகு போல விரல் விரலாகக் கதிர் விடும் ஒரு புல் ஆகியவை தவறாமல் இருக்கும்.

லெராய் ஹோல்ம் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1977-ல் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அதில் முதல் ஐந்து இடங்கள் இந்த ஐந்துக்குத்தான். கோரைக்கு முதலிடம், அருகுக்கு இரண்டாமிடம். களைக்கூலி கொடுத்தே கைமுதல் கரைந்த விவசாயிக்கு இது ஒன்றும் புதுச் செய்தி அல்ல. ஆனால் இதே ஐந்தில் இரண்டு சித்த மருத்துவத்தில் மருந்து. மற்ற மூன்றும் மனிதன் உண்ணும் தானியங்களின் மூதாதைகள். நெல் வயலில் வரும் சிறிய குதிரைவாலிப் புல்லிலிருந்துதான் நம் நாட்டுக் குதிரைவாலிப் பயிர் வந்தது. உயரமாக வளரும் பெரிய வகையிலிருந்து ஜப்பானியர் தங்கள் குதிரைவாலியை உண்டாக்கிக் கொண்டனர். விரல் கதிர்ப் புல்லின் வம்சம் கேழ்வரகில் கலந்திருக்கிறது.

குதிரைவாலிப் புல்லின் சாமர்த்தியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நெல் நாற்றோடு நாற்றாக நின்று கண்ணை ஏமாற்றும். பல நூறு ஆண்டுகளாகக் கையால் களை பறித்து வந்ததில், நெல்லைப் போலத் தோற்றம் கொண்ட செடிகள் மட்டும் தப்பிப் பிழைத்து விதை விட்டன. அதனால் அந்தச் சாயலே அதற்கு நிலைத்துவிட்டது என்பது விஞ்ஞானிகள் கருத்து. பிரித்தறிய ஒரு வழி உண்டு. இலை தண்டைத் தழுவும் இடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லில் அங்கே மெல்லிய வெண்சவ்வும், இரு பக்கமும் கொக்கி போன்ற சிறு செவிகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் இரண்டும் கிடையாது, மொழுக்கென்று இருக்கும். நாற்றங்காலிலேயே இதைப் பார்த்து நீக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இனி மருந்து. கோரையின் வாசனைக் கிழங்கு, டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் தமிழக அரசு மக்களுக்கு வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் ஒன்று. அதே குடிநீரில் சேரும் வெட்டிவேரும் ஒரு புல்லின் வேர்தான். கோரைக்கிழங்கைக் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் சித்த மருத்துவர்கள் கொடுப்பது வழக்கம். தோல் நோய்களுக்குத் தடவும் அருகன் தைலம் அருகம்புல்லில் செய்வது. அருகம்புல் சாறு சர்க்கரை நோயைக் குறைக்கும் என்று நகரங்களில் காலை வேளையில் விற்கிறார்கள். எலிகளுக்குக் கொடுத்த சோதனைகளில் இரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மை. அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இன்னொன்று: களைக்கொல்லி அடித்த வரப்பிலும், சாக்கடை ஓரத்திலும் முளைத்த அருகை யாரும் குடிக்கக் கூடாது. புல்லை விற்க நினைப்பவர் மருந்து படாத ஒரு மூலையைத் தனியாக ஒதுக்கி வளர்ப்பதே முறை.

தானியத்துக்கு வருவோம். வட இந்தியாவில் விரத நாட்களில் அரிசியை விலக்கும் மக்கள், குதிரைவாலி இனத்து மணியைச் சமைத்து உண்கிறார்கள். நம் வயல் களையின் மணியையும் தின்னலாம். ஆனால் அது பொடி மணி, முற்ற முற்றத் தானே உதிர்ந்துவிடும். பொறுக்கி எடுக்கும் கூலி கட்டாது. உண்பதற்கு ஏற்றது அதன் உறவான பயிர்க் குதிரைவாலிதான்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் குதிரைவாலியில் நார்ச்சத்து 9.8 கிராம், வரகில் 9, சாமையில் 7.6. தீட்டிய பச்சரிசியில் 0.2 கிராம்தான். புரதத்தில் மட்டும் குதிரைவாலி அரிசியை மிஞ்சவில்லை: இதில் 6.2 கிராம், அரிசியில் 6.8. குதிரைவாலியையும் வெள்ளை வெளேரென்று தீட்டினால் நாரில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு சிறிய ஆய்வில், குதிரைவாலிச் சோறு இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றுவதாகத் தெரிந்தது.

டெல்டாவில் இதற்கு இடம் எங்கே? சம்பாவை விட்டுவிட்டு இதைப் போடச் சொல்வது அறிவீனம். குறுவைக்குத் தண்ணீர் கிடைக்காத கடைமடை மேட்டு வயல்களில்தான் இதற்கு வேலை. 2023-ல் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தும் அக்டோபர் 10-ல் மூட நேர்ந்தது. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். இப்படிப்பட்ட ஆண்டுகளில், ஆடி மழையில் கிடைக்கும் ஈரத்தைக் கொண்டே ஒன்று இரண்டு மா நிலத்தில் விதைத்துப் பார்க்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் சுமார் 95 நாளில் அறுவடைக்கு வரும். மற்ற சிறுதானியங்களைவிட இது நீர்த்தேக்கத்தையும் தாங்கும். களியும் ஈரமுமான மண்ணுக்கு இதுவே அனுகூலம். வைக்கோலை மாடு விரும்பித் தின்னும். தாமதமாக விதைத்தால் அறுவடை ஐப்பசி அடைமழையில் மாட்டிக்கொள்ளும். சிந்திய மணிகள் அடுத்த நடவில் முளைக்கவும் கூடும். நன்றாகச் சேறடித்துத் தண்ணீர் கட்ட வேண்டும்.

கதிரை ஈரத்தோடு குவித்து வைக்கவே கூடாது. பூஞ்சணம் பிடித்த சிறுதானியம் விஷமாகும். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில், வரகு வயலில் மேய்ந்த 10 யானைகள் மாண்டன. பூஞ்சணம் பிடித்த வரகில் உண்டாகும் நஞ்சு அவற்றின் உடலில் இருந்ததைக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தனர். அறுத்த கதிரைக் களத்தில் மெலிதாகப் பரப்பி, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும் வரை காயப்போட வேண்டும்.

விற்பனைதான் பெரிய தலைவலி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குதிரைவாலியை வாங்கமாட்டார்கள். ஊர் நெல் மில்லில் போட்டால் பொடி மணி உமியோடு கலந்து வீணாகும். இதற்கென்று தனி உமி நீக்கும் இயந்திரம் வேண்டும். எனவே விதைக்கு முன் கையளவு குதிரைவாலியை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து ஊர்களில் எங்கே உமி நீக்கித் தருகிறார்கள், மூட்டைக்கு என்ன கூலி, வாங்கும் கடை எது என்று விசாரித்துக் கொள்ள வேண்டும். அதற்கு வழி இல்லாத ஊரில், முதல் வருஷம் வீட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் விதைத்து, உரலில் குத்திப் புடைத்துக் கொள்ளலாம்.